விரலுக்கும் ஒரு கணக்கு

நம்முடைய வீடுகளில் கணக்கு வைக்காத விஷயம் அநேகமாக ஒன்றும் இல்லை. பால் கணக்குக் காலண்டரில் ஏறுகிறது. மளிகைக் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் ஏறுகிறது. பரீட்சையில் பையன் எத்தனை மார்க்கு வாங்கினான் என்பதோ தெரு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. ஆனால், தினந்தோறும் எட்டு மணி நேரம் கணிப்பொறியின் முன் உட்கார்ந்து, விரல்களைக் கொண்டே ஜீவனம் நடத்துகிறவர்களைப் பார்த்து, "உங்கள் விரல்கள் நிமிஷத்துக்கு எத்தனை சொல் எழுதுகின்றன? நூறு தட்டுக்கு எத்தனை பிழை செய்கின்றன?" என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அரிசி அளக்கிற படிக்கு முத்திரை பார்க்கிறோம். நமக்குச் சோறு போடுகிற விரல்களை மட்டும் அளக்காமல் விட்டு விடுகிறோம். இது நியாயமா என்று சற்றே யோசித்துப் பார்க்கலாம்.

தொழிற்சாலையும் தட்டெழுத்தும்

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1960-களில் அதே ஊரில் சிறு தொழில்களுக்கென்று அரசாங்கத்தார் பெரிய தொழிற்பேட்டை ஒன்றை அமைத்தார்கள். ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றி, 1965-இல் 'விஜயந்தா' டாங்கியை வெளியே அனுப்பியது. தொழிற்சாலை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காரியாலயம் வேண்டும். காரியாலயம் இருந்தால் கடிதம் எழுத ஆள் வேண்டும். ஆகவே, புகைபோக்கிகள் எழுந்த ஊர்களில் தட்டெழுத்துப் பயிற்சி நிலையங்களும் எழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ரெயில் நிலையத்துக்கு அருகே, கடைக்கு மேலே ஒரு மாடி. மாடியில் வரிசையாகப் பத்துப் பதினைந்து யந்திரங்கள். காலை ஆறு மணி முதல் இரவு வரையில் ஓயாத 'டக் டக்' ஓசை. பத்தாவது வகுப்புப் பரீட்சை எழுதிய பிள்ளைகளும் பெண்களும் விடுமுறை தொடங்கியதும் அந்த மாடிப் படியை ஏறிவிடுவார்கள். எத்தனையோ குடும்பங்களில் முதல் உத்தியோகம் அந்தப் படி வழியாகத்தான் வந்திருக்கிறது.

இன்று தொழிற்பேட்டையில் கணிப்பொறி நிறுவனங்கள் பல வந்துவிட்டன. 1955-இல் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் ஸ்தாபனம், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை நிறுத்திவிட்டது. ஆயினும் தட்டெழுத்தின் தேவை குறைந்ததா? மேலும் பெருகியிருக்கிறது. அந்தக் காலத்தில் காரியாலயத்துக்கு ஒருவர் தட்டெழுத்தர். இந்தக் காலத்தில் மானேஜர் முதல் மருத்துவர் வரையில் எல்லோரும் தட்டெழுத்தர். தட்டுவோர் தொகை பெருகியிருக்கிறது. தட்டக் கற்றவர்களின் தொகை அந்த அளவில் பெருகவில்லை என்பதுதான் குறை.

குறையைக் காட்டிய யந்திரம்

பழைய யந்திரத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அவசரத்தை அது பொறுத்துக்கொள்ளாது. தாளத்துக்கு அடங்காமல் இரண்டு விசைகளை ஒரே சமயத்தில் அடித்தால், எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நின்றுவிடும். கையை மசியாக்கிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

இரண்டாவது குணம் இன்னும் முக்கியமானது. அது பிழையை மறைக்காது. தவறாக அடித்த எழுத்துத் தாளிலே கறுப்பாக நின்று, அடித்தவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆசிரியர் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றையும் சுழிப்பார். பத்துச் சுழி இருந்தால் பாடத்தை மறுபடியும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் அன்றைய தினத்தின் கணக்குச் சீட்டு. மாணவர் தனியாகக் கணக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை. யந்திரமே எழுதிக் கொடுத்துவிட்டது.

கணிப்பொறி மிகவும் தாட்சணியம் உள்ளது. பின்னோக்கி அழிக்கும் விசையை ஒருமுறை தொட்டால், பிழை இருந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. கடைசியில் திரையில் நிற்கும் கடிதம் சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்த்து, "நாம் பிழையின்றி எழுதுகிறோம்" என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. பிழை செய்ய ஒரு தட்டு, அழிக்க ஒரு தட்டு, திருத்தி எழுத ஒரு தட்டு: ஒரு தட்டில் முடிய வேண்டிய காரியத்துக்கு மூன்று தட்டுக்கள் செலவாகிவிட்டன. அதைவிடப் பெரிய செலவு, ஓடிக்கொண்டிருந்த எண்ணம் நடுவே அறுந்து போவது. இந்த நஷ்டம் எந்தத் தாளிலும் பதியாததால், அது நஷ்டம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

யந்திரம் எழுதி வந்த கணக்கை இனி மனிதர் எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வந்த சங்கதி இதுதான்.

கண் வேண்டாத வித்தை

தட்டெழுத்தில் முதல் பாடம், விரல் பார்த்துத் தட்டாமை. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் 1888-ஆம் வருஷம் ஜூலை 25-ஆம் தேதி ஒரு போட்டி நடந்தது. பிராங்க் மக்கரின் என்னும் நீதிமன்றச் சுருக்கெழுத்தர் விசைகளைப் பாராமலே அடித்தார். அவரை எதிர்த்தவர் லூயி டிராப் என்பவர், வேறு வகை யந்திரத்தில் வேறு முறையில் அடித்தார். மக்கரின் எளிதாக ஜயித்தார். பார்த்து எழுதுகிறவருடைய கண், காகிதத்துக்கும் விசைக்கும் இடையே ஓயாமல் பிரயாணம் செய்ய வேண்டும். பாராமல் எழுதுகிறவருடைய கண்ணுக்கு அந்தப் பிரயாணம் இல்லை என்ற ரகசியம் அன்று உலகத்துக்கு விளங்கியது.

இந்த வித்தைக்குக் கண்ணே வேண்டாம் என்பதற்குச் சான்று தேடிச் சின்சினாட்டி வரையில் போவானேன்? நமது பூந்தமல்லியிலேயே பார்வையற்ற மாணவர்களுக்கான அரசினர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறையுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் பிராந்திய மையமும் அதே ஊரில் இருக்கிறது. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் இப்போது உண்டு. 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்பது அவற்றுள் ஒன்று, விலையின்றிக் கிடைப்பது. இவற்றின் துணையால் பார்வையற்றவர்கள் காதால் கேட்டு, விரலால் எழுதி, காரியாலய வேலைகளைச் செய்கிறார்கள். கண்ணுள்ள நாம் குனிந்து குனிந்து விசையைத் தேடுவது எவ்வளவு வீண் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

இடது ஆள்காட்டி விரலும் வலது ஆள்காட்டி விரலும் தங்க வேண்டிய இரண்டு விசைகளின் மேல் சிறிய மேடு ஒன்று இருப்பதைத் தடவிப் பாருங்கள். அது அலங்காரத்துக்காக வைத்ததன்று. கண்ணின் உதவியின்றி விரல் தன் வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக வைத்த அடையாளம்.

முத்தையாவும் தமிழ் விசையும்

தமிழில் தட்டெழுதுவது என்றாலே ஆர். முத்தையாவை நினைக்காமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்தவர். 1907-இல் மலாய் நாடு சென்று, பின்னர் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. தமிழுக்கோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்ந்து 247. நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் இத்தனையையும் அடக்குவது எப்படி? எழுத்துக்களை உறுப்புக்களாகப் பிரித்து, புள்ளி, கொம்பு முதலிய குறிகளைத் தனித்தனி விசைகளில் வைத்தார். சில விசைகளை அடித்தால் வண்டி நகராமல் நிற்கும்படி செய்தார். முதலில் குறி, பிறகு அதே இடத்தில் எழுத்து. இவ்வாறு அமைந்த தமிழ் யந்திரம் ஜெர்மனியில் செய்யப்பட்டு நம் கைக்கு வந்தது. 'ய, ள, ன, க' என்று இடது கையிலும், 'ட, ம, த' என்று வலது கையிலும் தொடங்கும் பாடத்தை அடித்துப் பழகிய விரல்கள் தமிழ் நாட்டில் எத்தனை ஆயிரம்!

கணிப்பொறி வந்த பிறகு, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி 'தமிழ்99' என்னும் விசையமைப்பு ஏற்பட்டது. இதில் உயிரெழுத்துக்கள் இடது கையில் இருக்கின்றன. மெய்யெழுத்துக்களில் மிகப் பெரும்பாலானவை வலது கையில் இருக்கின்றன. ஒரே மெய் இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும், நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுக்கள் போதும். 'வாழ்க்கை' என்பதற்கு ஏழு. அதே சொல்லை ஆங்கில ஒலியெழுத்தால் அடித்துத் தமிழாக மாற்றுகிறவர் ஒன்பது தட்டுக்கள் தட்டுகிறார். அத்துடன், தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி, மறுபடியும் தமிழில் படித்துப் பார்க்கிற வேலையும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு வாசலுக்குப் போகக் கொல்லை வழியாகத் தெருவைச் சுற்றி வருவது போன்றது இது.

ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். அரசாங்கத் தட்டெழுத்துப் பரீட்சைக்குப் போகிறவர், அந்தப் பரீட்சைக்கு விதித்த அமைப்பையே பழக வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு அமைப்புக்களைக் கற்கப் புகுந்தால் விரல் இரண்டிலும் தடுமாறும்.

அந்தப் பரீட்சை அற்ப விஷயமன்று. இளநிலைத் தேர்வுக்கு நிமிஷத்துக்கு 30 சொல். முதுநிலைக்கு 45 சொல். ஆங்கிலத்தில் ஐந்து தட்டு ஒரு சொல்லாகக் கணக்கு. பத்து நிமிஷத்தில் இளநிலைக்காரர் 1,500 தட்டுக்களை முடிக்க வேண்டும். தமிழ் நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024-இல் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பேர் மனுச் செய்தார்கள். அதில் தட்டெழுத்தர், சுருக்கெழுத்துத் தட்டெழுத்தர் பதவிகளை நாடுகிறவர்களுக்குத் தட்டெழுத்துத் தேர்ச்சி இல்லாமல் வழியில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள எத்தனையோ எளிய குடும்பங்களுக்கு நிமிஷத்துக்கு இரண்டு சொல் கூடுவதும் குறைவதும் பிழைப்பைப் பற்றிய விஷயம்.

சரளி வரிசையும் தேக்கமும்

வேகம் எப்படி வரும்? சங்கீதம் சொல்லிக்கொள்ளும் குழந்தைகளைக் கவனியுங்கள். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடிச் சுத்தமான பிறகே பாட்டு வாத்தியார் இரண்டாம் காலத்துக்குப் போக விடுவார். பிறகுதான் மூன்றாம் காலம். ஸ்வரம் சுத்தமாக நிற்பதற்கு முன் மூன்றாம் காலத்துக்குத் தாவினால், அபஸ்வரமே வேகமாக வரும். விரலுக்கும் இதே நியாயந்தான். பிழையோடு வேகமாக அடித்துப் பழகினால், விரல் பிழையை நன்றாகக் கற்றுக்கொள்கிறது.

2018-இல் பின்லாந்து தேசத்து ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தாரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் 168,000 பேருடைய தட்டெழுத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வேகம் நிமிஷத்துக்கு 52 சொல். அதிவேகமாக அடித்தவர்களே மிகக் குறைவாகப் பிழை செய்தார்கள் என்பது அதில் கண்ட உண்மைகளுள் ஒன்று. முறையான வகுப்பில் படிக்காமல் தாமே பழகியவர்களுள்ளும் நல்ல வேகக்காரர்கள் இருந்தார்கள். ஆகையால், "சிறு வயதில் மாடிப்படி ஏறவில்லையே" என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை.

மனம் தளரச் செய்யும் வேறொரு கட்டம் உண்டு. சில வாரங்கள் வேகம் ஏறி வரும். பிறகு ஒரே இடத்தில் நின்றுவிடும். எவ்வளவு அடித்தாலும் அசையாது. அநேகர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1897-இல் தந்தி ஊழியர்கள் வேலை கற்கும் விதத்தைக் கவனித்து இந்தத் தேக்கத்தை எடுத்துக் காட்டினார்கள். தேக்கம் என்பது தோல்வியன்று என்பது அவர்களுடைய கருத்து. எழுத்தெழுத்தாகக் கற்ற பழக்கம் உள்ளே ஊறி, சொல் சொல்லாகக் கொள்ளும் பழக்கமாக மாறுவதற்கு அவகாசம் வேண்டும். மண்ணுக்குள் வேர் ஓடும் சமயத்தில் செடி வளரவில்லை என்று பிடுங்கிப் பார்ப்பவன் தோட்டக்காரன் ஆவானா?

கணக்குப் புத்தகம்

இனி, செய்ய வேண்டியது என்ன? நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பத்திகள் கோடிட்டுக்கொள்ளுங்கள்: தேதி, நிமிஷம், தட்டு, பிழை, தடுக்கிய எழுத்து.

தினம் குறிப்பிட்ட ஒரே நேரத்தில் இருபது நிமிஷம் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் பாடம்; முந்தின நாள் தடுக்கிய எழுத்துக்கள் வருகிற சொற்களை நிதானமாக, தாளத்தோடு அடிக்க வேண்டும். அடுத்த பத்து நிமிஷம் அளவு. ஏதேனும் ஒரு கட்டுரையைப் பார்த்து அடிக்க வேண்டும். அப்போது அழிக்கும் விசையைத் தொடுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ளுங்கள். பிழை நிற்கட்டும். பழைய யந்திரத்தின் தாளைப் போலத் திரையும் உண்மையைச் சொல்லட்டும். முடிந்த பிறகு, பிழைகளை எண்ணி எழுதுங்கள்.

உதாரணமாக, ஒருவர் பத்து நிமிஷத்தில் ஆங்கிலத்தில் 1,250 தட்டுக்கள் அடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தால் வகுத்தால் 250 சொல், நிமிஷத்துக்கு 25. பிழை 25 என்றால், நூற்றுக்கு இரண்டு. மறு வாரம் அவர் 1,150 தட்டுக்கள் அடித்து எட்டுப் பிழைகள் மட்டும் செய்தால், வேகம் 23-ஆகக் குறைந்தது என்று வருந்தலாமா? கூடாது. அதுதான் முன்னேற்றம். நூற்றுக்கு ஒரு பிழைக்கு மேல் போனால் வேகத்தைத் தணிப்பது, ஒன்றுக்குக் கீழே நின்றால் சற்றே கூட்டுவது: இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தமிழுக்குத் தட்டுக்களை எண்ணுவது சிறிது சிரமம். அதற்கு ஒரு வழி உண்டு. ஏதேனும் ஒரு பத்தியைத் தேர்ந்து, அதில் உள்ள சொற்களை ஒரு முறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே பத்தியை அடித்து, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறியுங்கள். மற்ற நாட்களில் புதிய பகுதிகளை அடியுங்கள். அளவுகோல் மாறாமல் இருந்தால்தான் வளர்ச்சி தெரியும்.

ஐந்தாவது பத்தியில்தான் விசேஷம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து அதைப் புரட்டினால், பிழைகள் எல்லா எழுத்திலும் பரவியிராமல், நாலைந்து எழுத்துக்களில் கூடு கட்டிக்கொண்டிருப்பது தெரியும். பெரும்பாலும் அவை சுண்டுவிரலும் மோதிர விரலும் ஆளுகின்ற எழுத்துக்களாக இருக்கும். வைத்தியம் செய்ய வேண்டிய இடம் தெரிந்துவிட்டால், பாதி நோய் தீர்ந்த மாதிரிதான்.

மற்றும் சில பழக்கங்கள்

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். பாதம் தரையில் படிய வேண்டும். முழங்கை விசைப்பலகையின் உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு வளையாமல், மேஜை விளிம்பில் அழுந்தாமல் இருப்பது நல்லது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் உள்ள மரத்தைப் பார்த்தால் கண்ணுக்கும் முதுகுக்கும் நலம். விரலில் வலியோ மரமரப்போ நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு அடிப்பதில் வீரம் ஒன்றும் இல்லை.

காரியாலயத்தில் கடிதங்களை வந்த கணமே திறந்து பார்ப்பதை விட்டு, குறித்த சில வேளைகளில் மொத்தமாகப் பார்த்துப் பதில் எழுதுவது நேரத்தை மிச்சப்படுத்தும். அடிக்கடி செய்யும் காரியங்களான நகல் எடுத்தல், ஒட்டுதல், சேமித்தல், தேடுதல் ஆகியவற்றைச் சுண்டெலியைத் தேடாமல் விசைகளாலேயே செய்யக் கற்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று வீதம் கற்றாலும் மூன்று மாதத்தில் பன்னிரண்டு வித்தைகள் கைவசமாகிவிடும்.

மிச்சமாகும் நேரம்

நிமிஷத்துக்கு 15 சொல் அடிக்கிறவர் ஆயிரம் சொல் கொண்ட அறிக்கையை முடிக்க ஒரு மணிக்கு மேல் ஆகும். 30 சொல் அடிக்கிறவர் முப்பத்து மூன்று நிமிஷத்தில் முடிப்பார். நம்முடைய யோசனை அதே வேகத்தில் ஓடாது என்பது வாஸ்தவம்; ஆகையால் முழு மிச்சமும் கைக்கு வந்துவிடாது. ஆனால், விரலைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியம் இல்லாதபோது, எழுதும் விஷயத்தைப் பற்றி முழு மனத்தோடு நினைக்கலாம். அந்த ஆதாயத்தை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது.

இந்தப் பயிற்சிக்குப் பணம் அதிகம் வேண்டாம், வயது தடையில்லை. பள்ளிக்கூடத்துப் பெண் செய்யலாம். குழந்தைகள் வளர்ந்த பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும் தாயார் செய்யலாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு நினைவுகளைத் தமிழில் எழுதி வைக்க ஆசைப்படும் பெரியவரும் செய்யலாம். ஒரே வீட்டில் மூவரும் மூன்று நோட்டுப் புத்தகங்கள் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கையாகவும் இருக்கும். ஒருவர் மற்றவரை ஜயிப்பது முக்கியமில்லை. ஒவ்வொருவரும் போன மாதத்துத் தம்மையே ஜயித்தாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

247 எழுத்துக்களை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க ஒரு மனிதர் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார். அந்த விசைகளைத் தடுமாறாமல் தட்டுவதற்கு நாம் தினம் இருபது நிமிஷம் கொடுப்பது பெரிய காரியமன்று. நாளைக் காலையில் பால் கணக்கை எழுதி முடித்ததும், அதே பேனாவால் விரல் கணக்கின் முதல் வரியையும் எழுதிவிடலாம்.